தகப்பன் போட்ட நிபந்தனை: மொண்டாவி குடும்பத்தின் கதை

1943ஆம் ஆண்டு. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் சார்லஸ் க்ரூக் என்ற பழைய ஒயின் ஆலை விலைக்கு வந்திருந்தது. கட்டடங்களும் திராட்சைத் தோட்டமும் சேர்த்து 75,000 டாலர். எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று மூத்த மகன் ராபர்ட் மொண்டாவிக்குத் துடிப்பு. தகப்பன் செசாரே அசைந்து கொடுக்கவில்லை. ராபர்ட் அம்மா ரோசாவிடம் போய் முறையிட்டார். மறுநாள் காலையில் செசாரே மனம் மாறியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துவதாக இருந்தால் வாங்கலாம். தம்பி பீட்டர் அப்போது ராணுவத்தில் இருந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம்.

மொண்டாவி என்ற பெயர் இன்று உலகம் முழுக்கத் தெரியும். அது ராபர்ட்டின் பெயராகத்தான் தெரியும். அமெரிக்க ஒயினை பிரெஞ்சு ஒயினோடு ஒரே மேசையில் உட்காரவைத்த மனிதர் என்று அவரைச் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் குடும்பத் தொழிலில் தகப்பன் பேரைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று கேட்டால், இந்தக் குடும்பத்தில் அதற்கு ஒரே பதில் கிடைக்காது. பிள்ளைகள் இரண்டு பேரும் தாங்கள்தான் அப்பாவின் வழியில் போகிறோம் என்று நம்பினார்கள். இரண்டு பேரும் ஓரளவு சரி. அப்பா கேட்ட ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நாற்பது வருடம் இரண்டு பேருமே செய்யவில்லை.

செசாரே இத்தாலியின் மார்க்கே பகுதியில் உள்ள சாஸோஃபெர்ராட்டோ ஊர்க்காரர். 1906இல் அமெரிக்கா வந்தார். வட கோடியில் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தின் இரும்புச் சுரங்கங்களில் வேலை. 1908இல் ஊருக்குத் திரும்பிப் போய் ரோசாவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தார். சுரங்க வேலையை விட்டுவிட்டுக் கடை, மதுக்கடை என்று சிறு வியாபாரத்துக்கு மாறினார். ரோசா விடுதி நடத்தி, அங்கே தங்கிய சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டார். மேரி, ஹெலன் என்று இரண்டு பெண்கள். பிறகு 1913இல் ராபர்ட், 1914இல் பீட்டர்.

அவர் ஒயின் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் மதுவிலக்குதான். கேட்க முரணாக இருக்கும், ஆனால் நடந்தது அதுதான். 1920இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1933 வரை நீடித்தது. சட்டத்தில் ஒரு சிறு வாசல் திறந்திருந்தது. ஒரு குடும்பம் வீட்டு உபயோகத்துக்கு வருடம் 200 காலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர் பழச்சாறு தயாரித்துக்கொள்ளலாம். சாறு தொட்டியில் கிடந்தால் தானாக நொதிக்கும். சாப்பாட்டோடு ஒயின் குடித்தே வளர்ந்த இத்தாலியக் குடும்பங்களுக்கு அது போதுமாக இருந்தது. மின்னசோட்டாவின் குளிரில் அந்தத் திராட்சை விளையாது. அதனால் அங்கிருந்த இத்தாலியர்கள், பழம் வாங்கி அனுப்ப செசாரேயைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார்கள். போனவர் அந்த வெயிலையும் மண்ணையும் பார்த்தார். 1920களின் தொடக்கத்தில் குடும்பத்தையே லோடை என்ற ஊருக்குக் கூட்டிவந்து பழ ஏற்றுமதி தொடங்கினார்.

மதுவிலக்குக் காலத்தில் கலிபோர்னியாவின் ஒயின் ஆலைகள் நூற்றுக்கணக்கில் மூடிக்கிடக்க, திராட்சை விலை மட்டும் ஏறியது. பனிக்கட்டி அடைத்த ரயில் பெட்டிகளில் பழம் கிழக்கே போனது. நாட்கணக்கில் பயணம் தாங்க வேண்டும் என்பதால் தடித்த தோல் கொண்ட, நிறம் கனத்த ரகங்களுக்குத்தான் கிராக்கி. நுண்ணிய சுவையுள்ள, மெல்லிய தோல் ரகங்களைப் பல தோட்டங்களில் பிடுங்கிப் போட்டார்கள். அந்தச் சேதத்திலிருந்து மீள இன்னொரு தலைமுறை ஆயிற்று. லோடையில் பள்ளி விடுமுறை என்றால் ராபர்ட்டுக்கும் பீட்டருக்கும் பழப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை. யார் அதிகம் அடிப்பது என்ற போட்டி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இரண்டு பிள்ளைகளும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார்கள். மதுவிலக்கு நீங்கியதும் செசாரே நாபாவில் சன்னி செயின்ட் ஹெலினா என்ற ஆலையில் பங்கு சேர்ந்தார். ராபர்ட் அங்கே தொழில் பழகினார். பீட்டர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்தபோது எடுத்துக்கொண்ட விஷயம் குளிர்நிலை நொதித்தல். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பிக்கு உரிய பெருமையைப் பெரும்பாலான கதைகள் கொடுப்பதில்லை.

ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது சூடும் வெளிப்படும். அறுவடை நடக்கும் மாதங்களில் கலிபோர்னியாவில் வெயிலும் குறையாது. தொட்டி சூடேறினால் பழத்தின் வாசனை ஆவியாகிப் போகும். இன்னும் ஏறினால் ஈஸ்ட் செத்து, நொதித்தல் பாதியில் நின்றுவிடும். வெள்ளை ஒயினுக்கு இது பெருங்கேடு, அதன் உயிரே அந்த வாசனையில்தான். தொட்டியைக் குளிரவைத்து, ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் மெதுவாக நொதிக்கவிட்டால் வாசனை தங்கும். இன்று உலகத்தில் எந்த ஆலைக்குப் போனாலும் இது சாதாரண நடைமுறை. 1930களின் பிற்பகுதியில் அது படிப்பாளிகளின் ஆராய்ச்சி. அதை ஆலைக்குள் கொண்டுவந்தவர்களில் பீட்டர் முன்வரிசையில் இருந்தார்.

அவர்கள் வாங்கிய ஆலைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சார்லஸ் க்ரூக் பிரஷ்யாவிலிருந்து வந்தவர். 1861இல் அவர் தொடங்கியதுதான் நாபா பள்ளத்தாக்கின் மிகப் பழைய வணிக ஒயின் ஆலை. வேர்களைத் தின்னும் பில்லாக்ஸெரா பூச்சி பிற்பாடு நாபாவின் தோட்டங்களை அழித்தது. 1892இல் க்ரூக் இறந்த பிறகு ஆலை கைமாறியது. மொண்டாவி குடும்பம் வாங்கும்போது கிடைத்தது பழம்பெருமையும் பழுதுபார்க்க வேண்டிய கட்டடங்களும். ஆலையின் பெயரை அவர்கள் மாற்றவில்லை. இன்னொரு ஸ்தாபகரின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, செசாரே தன் பெயரை நிறுவனத்துக்கு மட்டும் வைத்தார்: சி. மொண்டாவி அண்ட் சன்ஸ். ‘சன்ஸ்’ என்ற அந்தப் பன்மையில் நிபந்தனை அடங்கியிருந்தது.

ஒயின் தொழிலில் குடும்பம் என்பது ஏன் இவ்வளவு கனமான சொல்லாக இருக்கிறது என்று யோசித்தால் விடை கொடியில் இருக்கிறது. நட்ட கொடி ஒழுங்காகக் காய்க்க மூன்று வருடம் ஆகும். அந்த மண்ணின் குணம் பழத்தில் முழுசாகத் தெரிய இன்னும் பல வருடம். பிறகு சிவப்பு ஒயின் பீப்பாயில் ஒன்றிரண்டு வருடம், புட்டியில் இன்னும் சில வருடம். போட்ட பணம் திரும்ப ஒரு தலைமுறையே ஆகலாம். நன்றாகப் பராமரித்தால் கொடி ஐம்பது, நூறு வருடம்கூட நிற்கும். ஆனால் நட்டவன் அதன் முதுமையைப் பார்க்க மாட்டான். காலாண்டுக்கு ஒருமுறை லாபம் கேட்கும் முதலீட்டாளருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. பேரனுக்காக நடுகிறவர்களுக்குத்தான் ஒத்துவரும். இத்தாலியின் அன்டினோரி குடும்பம் 1385இலிருந்து 26 தலைமுறையாக இதில் நிற்பது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் பேரன்கள் பெருகுவார்கள். நிலம் பெருகாது. 1804இல் வந்த நெப்போலியனின் சிவில் சட்டம் பிள்ளைகளுக்குச் சம பங்கு என்றது. நியாயமான சட்டம். அதன் விளைவை பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் பார்க்கலாம்: க்ளோ த வூஜோ என்ற 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று ஏறக்குறைய 80 உடைமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் சொந்தம். பாகம் பிரித்தால் தோட்டம் துண்டாகிறது; பிரிக்காமல் வைத்தால் பங்காளிச் சண்டை வருகிறது. செசாரே இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார், பிள்ளைகளின் ஒற்றுமையை நம்பி.

அவர் இருந்தவரை வண்டி ஓடியது. ராபர்ட் வெளியே விற்பார், பீட்டர் உள்ளே ஒயின் செய்வார். 1959இல் செசாரே இறந்தார். ரோசா தலைமைப் பொறுப்பேற்றார். நடுவில் நின்ற மனிதர் போனதும் இரண்டு குணங்களும் நேருக்கு நேர் வந்தன. ராபர்ட் 1962இல் ஐரோப்பா போய், சிறிய ஓக் பீப்பாய்களில் ஒயினைப் பக்குவப்படுத்தும் விதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். உலகத்தின் சிறந்த ஒயின்களோடு போட்டி போட வேண்டும், அதற்குச் செலவு செய்தே ஆக வேண்டும் என்றார். பீட்டருக்குக் கடன் பயம். அப்பாவுக்கும் இருந்த அதே பயம்தான். அந்தக் காலத்து அமெரிக்கச் சந்தையையும் நினைக்க வேண்டும்: 1960களின் பிற்பகுதி வரை அங்கே உணவோடு குடிக்கும் ஒயினைவிட, ஆல்கஹால் கூட்டிய இனிப்பு ஒயின்தான் அதிகம் விற்றது. பீட்டரின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1965 நவம்பரில், க்ரூக் தோட்டத்தில் குடும்பம் கூடியிருந்த நாளில் வெடித்தது. வெள்ளை மாளிகை விருந்துக்காக ராபர்ட் மனைவிக்கு வாங்கிய மிங்க் ரோம அங்கிதான் பேச்சின் முனை. நிறுவனப் பணத்தை அண்ணன் தாராளமாக இறைக்கிறார், இந்த அங்கிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற அர்த்தத்தில் தம்பி பேச, ஐம்பதைக் கடந்த இரண்டு மனிதர்கள் கைகலந்தார்கள். ராபர்ட் தம்பியை அடித்தார். அம்மா பீட்டர் பக்கம் நின்றார். ராபர்ட் ஆலையிலிருந்து விலக்கப்பட்டார்.

1966இல் அவர் சில மைல் தள்ளி ஓக்வில்லில் சொந்த ஆலை தொடங்கினார். மதுவிலக்குக்குப் பிறகு நாபாவில் புதிதாகக் கட்டப்பட்ட முதல் பெரிய ஒயின் ஆலை அது. 1868இல் ஹாமில்டன் க்ராப் நடத் தொடங்கிய டு கலோன் தோட்டத்தின் ஓரத்தில் இடம் பிடித்தார். இனி வந்த பத்து வருடம் பலமுறை எழுதப்பட்டுவிட்டது, அதனால் வேகமாகவே சொல்கிறேன். அப்போது மதிப்பில்லாமல் கிடந்த சோவினியோன் பிளாங்க் ரகத்தை இனிப்பில்லாமல் செய்து ‘ஃப்யூமே பிளாங்க்’ என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரைத் தன் வணிக முத்திரையாக்கிப் பூட்டிவைக்காமல் மற்றவர்களும் வைத்துக்கொள்ள விட்டார். 1976இல் பாரிஸில் நடந்த சுவைப் போட்டியில், எந்த ஒயின் என்று தெரியாமல் புட்டியை மறைத்து ஊற்றிக் கொடுத்தபோது, பிரெஞ்சு நடுவர்கள் இரண்டு கலிபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் தந்தார்கள். அவற்றைச் செய்த வாரன் வினியார்ஸ்கியும் மைக் கர்கிச்சும் ராபர்ட்டின் ஆலையில் வேலை பார்த்தவர்கள். 1979இல் பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் ஆலை உரிமையாளர் பாரோன் ஃபிலிப் த ரோத்ஸ்சைல்டுடன் கூட்டுச் சேர்ந்து ஓபஸ் ஒன் என்ற ஒயினின் முதல் அறுவடை.

இதற்கு நடுவில் வழக்கு. க்ரூக் நிறுவனத்தில் தன் பங்குக்கு உரியதைக் கேட்டு ராபர்ட் நீதிமன்றம் போனார். 1976இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதே வருடம் ரோசா இறந்துபோனார். பிறகு நடந்த சமரசத்தில் ராபர்ட்டுக்குப் பணமும் தோட்டங்களும் கிடைத்தன. பீட்டரிடம் க்ரூக் ஆலை மிஞ்சியது, கூடவே அந்தத் தொகையைத் தீர்க்க வேண்டிய சுமையும். கடனுக்குப் பயந்த மனிதர் பல வருடம் கடன் அடைக்கிற நிலைக்கு வந்தார். ஆலையை விற்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் விற்கவில்லை. என் பார்வையில் இந்தக் குடும்பக் கதையின் மிகப் பெரிய முடிவு இதுதான், யாரும் அதைக் கொண்டாடவில்லை என்றாலும்.

ராபர்ட் பக்கம் வேறு மாதிரி சுமை சேர்ந்தது. பில்லாக்ஸெரா திரும்பி வந்தது. ஐரோப்பிய ரகக் கொடிகளை, பூச்சியைத் தாங்கும் வேர்த்தண்டில் ஒட்டுப்போட்டு வளர்ப்பதுதான் இந்தப் பூச்சிக்கு மாற்று. நாபாவில் பெரும்பாலோர் நம்பி நட்ட ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்த்தண்டு 1980களில் பூச்சியின் புதிய வகையிடம் தோற்றது. தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி மறுபடி நட வேண்டும். பிறகு காய்க்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிறுவனர் இறந்தால் பிள்ளைகள் கட்ட வேண்டிய வாரிசுரிமை வரி இன்னொரு கவலை. நிலத்தின் மதிப்பு கோடிகளில் இருக்கும், கையில் ரொக்கம் இருக்காது. வரி கட்டுவதற்கே நிலத்தை விற்ற குடும்பங்கள் உண்டு.

1993இல் ராபர்ட் மொண்டாவி நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. குடும்பத்தின் பங்கு ஒவ்வொன்றுக்கும் பத்து ஓட்டு, வெளியார் பங்குக்கு ஒரு ஓட்டு என்று ஏற்பாடு. கடிவாளம் வீட்டிலேயே இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் சந்தைக்கு வந்த கம்பெனி வளர்ந்துகொண்டே இருந்தாக வேண்டும். விலை குறைந்த ஒயின்களைப் பெரிய அளவில் விற்கும் பக்கம் நிறுவனம் சாய்ந்தது. மகன்கள் மைக்கேலுக்கும் டிம்முக்கும் எந்த வழியில் போவது என்பதில் கருத்து வேறுபாடு. அப்பாவும் சித்தப்பாவும் ஆடிய அதே ஆட்டம். குடும்பப் பங்குகளின் கூடுதல் ஓட்டைக் கைவிட வைக்கும் திட்டத்தை நிறுவனத்தின் இயக்குநர் குழுவே 2004இல் முன்வைத்தது. அந்த வருடம் முடிவதற்குள் கான்ஸ்டெலேஷன் என்ற பெரிய மதுபான நிறுவனம் மொத்தத்தையும் வாங்கிவிட்டது. பங்குக்காகக் கொடுத்தது ஏறக்குறைய 103 கோடி டாலர், கடனையும் சேர்த்தால் 136 கோடி. ராபர்ட் மொண்டாவி என்ற பெயர் போட்ட புட்டி இன்றும் கடைகளில் இருக்கிறது. அந்தப் பெயர் குடும்பத்துக்குச் சொந்தமில்லை.

இதைத் தோல்வி என்று மட்டும் எழுதினால் அநியாயம். அவர் கட்டியது ஓர் ஆலையோடு முடியவில்லை. பக்கத்துத் தோட்டக்காரனுக்கும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். நாபாவே உயர்ந்தால்தான் தானும் உயர முடியும் என்பது அவர் கணக்கு. 2001இல் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மூன்றரைக் கோடி டாலர் நன்கொடை அறிவித்தார். அங்கே ஒயின், உணவு ஆராய்ச்சிக்கான நிலையமும் கலை அரங்கமும் அவர் பெயரில் நிற்கின்றன. மகன் டிம்மும் மகள் மார்சியாவும் 2005இல் கண்டினியூம் என்ற சிறிய ஆலையைத் தொடங்கினார்கள். பிறகு அது நாபாவின் பிரிட்சர்ட் குன்றுக்கு வந்தது. ஒரே தோட்டம், குடும்ப உடைமை. தாத்தாவின் அளவுக்குத் திரும்பிப் போன மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

க்ரூக் ஆலையோ மொண்டாவி குடும்பத்தை விட்டுக் கைமாறவே இல்லை. பீட்டர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஆலைக்கு வந்து போனார். பிறகு பொறுப்பு அவர் பிள்ளைகளுக்குப் போனது. 1872இல் ரெட்வுட் மரத்தால் கட்டிய பழைய நிலவறைக் கட்டடத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். செசாரே கொடுத்த 75,000 டாலருக்கு வாங்கிய மண், அவர் வம்சத்திடமே இருக்கிறது. தகப்பன் சொத்தைக் காப்பாற்றிய பிள்ளை யார் என்று கேட்டால் பதில் பீட்டர். தகப்பன் பெயரை ஊரறியச் செய்த பிள்ளை யார் என்றால் ராபர்ட். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பீட்டரைச் சொல்வேன். ஆனால் ராபர்ட் இல்லாமல் நாபா நிலத்துக்கு இன்றைய மதிப்பு வந்திருக்காது என்பதும் உண்மை.

அந்த நிபந்தனை மட்டும் பாக்கி இருந்தது.

2004 அறுவடையில், அண்ணன் வீட்டுத் தோட்டத்துத் திராட்சை பாதி, தம்பி வீட்டுத் தோட்டத்துத் திராட்சை பாதி என்று சேர்த்து ஒரே ஒரு பீப்பாய் ஒயின் செய்தார்கள். ராபர்ட் பெயரிலான நிறுவனம் கைமாறிய அதே வருடத்து அறுவடை. 2005 ஜூனில் நாபா பள்ளத்தாக்கின் அறக்கொடை ஏலத்தில் அந்தப் பீப்பாய் 401,000 டாலருக்குப் போனது. 91 வயது அண்ணனும் 90 வயதுத் தம்பியும் சேர்ந்து ஒயின் செய்தது நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. ராபர்ட் 2008இல் 94 வயதிலும், பீட்டர் 2016இல் 101 வயதிலும் காலமானார்கள்.

பீப்பாய்க்கு ‘அங்கோரா ஊனா வோல்ட்டா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சாஸோஃபெர்ராட்டோவிலிருந்து செசாரே கொண்டுவந்த இத்தாலிய மொழியில் அதற்கு அர்த்தம், இன்னும் ஒரு தடவை.